கொழும்பில் முதல் நாட்கள் வீணா? (தனியாக, ஒரு பையோடு)

கேள்வி | 2025 பெப்ரவரி 6

மார்ச்சில் திருச்சியிலிருந்து வருகிறேன். தனியாக, முதுகில் ஒரு பை, அவ்வளவுதான். விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள்: கொழும்பில் ஒன்றும் இல்லை, வெயில்தான் மிச்சம், இறங்கின கையோடு காலிக்கோ எல்லவுக்கோ ரயிலேறிவிடு என்று. முதல் இரண்டு மூன்று நாளைக் கொழும்பில் போடுவது வீணா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில் | பெப்ரவரி 7, இரவு

பட்டியல் வைத்துக்கொண்டு வந்தால் வீண்தான். தாமரைக் கோபுரம், கங்காராமை விகாரை, சுதந்திர சதுக்கம், காலிமுகத்திடல் எல்லாம் ஓட்டோ பிடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். முடிந்ததும் ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும்.

எனக்கு இந்தக் கேள்வி வேறு விதமாகத் தைக்கிறது. நான் மட்டக்களப்பு. எங்கள் பக்கத்து ஆட்கள் கொழும்புக்குச் சும்மா வருவதில்லை. பாஸ்போர்ட்டுக்கு வருவோம், விசாவுக்கு வருவோம், மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வருவோம், வெளிநாடு போகிறவரை ஏற்றிவிட வருவோம். கக்கத்தில் ஒரு ஃபைல் இருக்கும். வேலை முடிந்தால் அன்றிரவே திரும்பப் பஸ். கடலை ஓட்டோவுக்குள் இருந்து எட்டிப் பார்த்திருப்போம், அவ்வளவுதான்.

இந்த முறை ஃபைல் இல்லை. லீவு போட்டுவிட்டுச் சும்மா வந்திருக்கிறேன். இரவு பஸ் புறக்கோட்டையில் இறக்கிவிட்டபோது விடியவில்லை. கூட இறங்கின எல்லாருக்கும் அவசரமாகப் போக ஓர் இடம் இருந்தது. ஓட்டோக்காரர் வந்து, “எங்க தங்கச்சி, பத்தரமுல்லையா?” என்றார். பாஸ்போர்ட் ஒபிஸைத்தான் கேட்கிறார். “இல்லை அண்ணா, சும்மாதான் வந்தனான்” என்றேன். என்னையும் பையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மிச்சம் நாளைக்கு. கண் சொருகுகிறது.

பெப்ரவரி 8, காலை

எங்கே தங்குவது என்று கேட்கிறீர்கள். இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

கடற்கரை வீதிப் பக்கம் ஒரு ஹொஸ்டலில் கட்டில் பதிவு செய்திருந்தேன். செயலி காசையும் எடுத்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெடியன் அடையாள அட்டையை வாங்கினான், திருப்பிப் பார்த்தான், மறுபடியும் முன்பக்கம் பார்த்தான். “சொறி மிஸ், நாங்க லோக்கல் ஆட்களை எடுக்கிறதில்லை.” ஏன் என்றேன். “ரூல்ஸ்.” பக்கத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் வெறும் மேலோடு, காற்சட்டையில் கடல் மணல் உதிர உதிர நின்று வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு ரூல்ஸும் இல்லை.

ஓரிடத்துக் கதையில்லை இது. வெளிநாட்டவருக்கு மட்டும் என்று வைத்திருக்கும் ஹொஸ்டல்கள் இந்த நாட்டில் நிறைய. திருச்சிக்காரருக்கு இந்தத் தொல்லை வராது. உள்ளூர்ப் பெண்கள் யாராவது இதை வாசித்தால், காசு கட்டுமுன் போன் பண்ணி நேரே கேட்டுவிடுங்கள்.

இப்போது கல்கிசையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறேன். வீடுதான், மேல்மாடியில் கட்டில் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்கார ஆன்ட்டி அட்டையைப் பார்த்து, “பட்டிக்கலோவா? அங்க மீன் பாடுமாமே, உண்மையா?” என்று கேட்டார். உண்மை என்று சொல்லிவிட்டேன். நான் கேட்டதில்லை, ஆனால் ஊரை விட்டுக்கொடுக்க முடியுமா?

பகுதி எது என்றால்: சாப்பாடும் தமிழும் வேண்டுமென்றால் வெள்ளவத்தை. மணலும் அமைதியும் என்றால் கல்கிசை. நகர மையமான கோட்டைப் பக்கம் பகலில் ஜேஜே என்றிருக்கும், இருட்டினால் ஆளில்லை. தனியாக வருகிறவருக்கு அது சரிவராது.

பெப்ரவரி 8, மத்தியானம்

நீங்கள் ஏன் வெள்ளவத்தையில் தங்கவில்லை என்று ஒருவர். அங்கே மாமி இருக்கிறார். அதனால்தான்.

பெப்ரவரி 8, இரவு

சரி, போக்குவரத்து. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் ஓயாமல் ஓடும். மலிவு. ஆனால் ரயில் இருக்கும்போது பஸ் எதற்கு?

கோட்டையில் ஏறினால் செயலக நிறுத்தம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. கொள்ளுப்பிட்டி தொடக்கம் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே கருங்கல் மட்டும்தான். தெற்கே போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள். இருக்கக் கிடைத்தாலும் நில்லுங்கள். கதவடியில் பிடிக்கும் கம்பி உப்பில் பிசுபிசுக்கும், கையை மோந்தால் துருவும் மீனும் மணக்கும். இன்று மாலை பம்பலப்பிட்டி தாண்டும்போது ஓர் அலை கல்லில் மோதி உள்ளே வரை தெறித்தது. கதவுப் படியில் உட்கார்ந்திருந்த கந்தோர்க்காரர் பத்திரிகையை மடித்துப் பிடித்து அதைத் தடுத்தார், பிறகு விரித்து வாசிப்பைத் தொடர்ந்தார். ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை போல.

மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பிளேன்டீகூடச் சில கடையில் வராது. காலையும் மாலையும் கந்தோர் நேரத்தில் பையோடு ஏறாதீர்கள், இறங்கவே முடியாது. தூர ரயில்கள் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது என்று கீழே ஒருவர் சொல்லியிருப்பதும் சரி, ஏறுமுன் கேளுங்கள்.

பெப்ரவரி 9, ஞாயிறு

போனில் பதினெட்டு வீதம்தான் இருக்கிறது, சுருக்கமாக. பதினொரு மணி தாண்டி மின்விசிறி நின்றது. வீட்டில் மட்டும் என்று நினைத்தோம். ஒழுங்கை முழுக்க என்றார்கள். பிறகு கொழும்பு முழுக்க. பிறகு நாடு முழுக்க.

பெப்ரவரி 9, இரவு

கரண்ட் வந்துவிட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால்தான் முழு நாடும் இருண்டது என்று அமைச்சர் சொல்லியிருக்கிறார். மேலே “கொழும்பில் என்ன இருக்கிறது” என்று கேட்ட எல்லாருக்கும் இதுதான் என் பதில்.

விளையாட்டு இல்லை, இன்று கொஞ்சம் விளங்கியது. பன்னிரண்டு மணி வெயிலில் விசிறி இல்லாத அறையில் யாராலும் இருக்க முடியாது. மேல்மாடி ஆட்கள், கீழே ஆன்ட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வேப்பமர நிழலுக்கு வந்துவிட்டோம். செவ்விளநீர்க்காரர் சைக்கிளோடு வந்து அங்கேயே நின்றுவிட்டார், வண்டி காலி. ஓட்டோச் செயலியை நம்பி வெளிக்கிட்டவர்கள் போன் செத்துத் திரும்பி வந்தார்கள். கையில் சில்லறைக் காசு, ஒரு பவர் பேங்க் இரண்டையும் பையின் மேல் அறையில் வையுங்கள். இன்னொன்று, எங்கள் பிளக்குக்கு மூன்று சதுரக் கால். உங்கள் உருண்டைக் கால் பிளக் எல்லாச் சுவரிலும் போகாது. அடப்டர் ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

நாளையும் மறுநாளும் மின்வெட்டு வரலாமாம். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் படுத்துவிட்டது.

பெப்ரவரி 10, காலை

திசை பற்றி. மட்டக்களப்புக் கல்லடியில் எங்களுக்குச் சூரியன் கடலில்தான் எழும்பும். இங்கே கடலில் விழும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கால்களுக்குத் தெரியவில்லை. கடலை வலக்கையில் வைத்து நடந்தால் வடக்கே போகிறேன் என்று பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு. இங்கே அது தெற்கு. கோட்டைக்கு என்று வெளிக்கிட்டு இரத்மலானைப் பக்கம் நடக்கிறேன். மெரினாவில் நடந்து பழகினவர்களுக்கும் இதே கதிதான், வந்து பாருங்கள்.

அதைவிட முக்கியம் நிழல். கிழக்குக் கரையில் விடிந்ததும் கடற்கரை சுடும், மாலையில் இதம். இங்கே தலைகீழ். காலையில் மாடி வீடுகளின் நிழல் கடற்கரை வீதியில் விழுந்து கிடக்கும். ஒன்பதரை மணி வரைக்கும் நடக்கலாம். பின்னேரம் மூன்று மணிக்குக் கடலைப் பார்த்த எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் வெயில் நேரே முகத்தில் அறையும். ஆகவே காலையில் கடல், வெயிலேற உள்ளே, ஐந்தரைக்குப் பிறகு மறுபடி கடல். பெப்ரவரி, மார்ச்சில் மழையை நம்ப முடியாது, நிழலைத்தான் நம்ப வேண்டும்.

பெப்ரவரி 10, பின்னேரம்

உள்ளே என்றால் எங்கே என்று கேட்டவருக்கு: கறுவாத்தோட்டத்தில் தேசிய அருங்காட்சியகம். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம். விசிறி சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் தடித்த சுவர் குளிர்ச்சி தரும்.

நான் போனது ஒரு கல்லைப் பார்க்க. சீனக் கடலோடி செங் ஹ கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் தேதி பொறித்தது, 1911இல் காலியில் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு. தேனாவரை என்பது தெற்கு முனையில் இருக்கும் தெவிநுவர. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே சாமான்கள். மூன்று பேரையும் சமமாகக் கவனித்துவிட்டுத்தான் வியாபாரம் பேசியிருக்கிறார்கள்.

எழுத்துத் தேய்ந்துவிட்டது. கண்ணாடிக்கு நெற்றியை ஒட்டிக்கொண்டு, இதுதான் ‘ர’வா, கீறலா என்று தடுமாறிக்கொண்டு நின்றேன். பாடசாலைப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, ஒரு நிமிடம் நின்று, ஓடிவிட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு வந்த நாட்களில் இதே வீதியால் எத்தனையோ முறை போயிருப்பேன்.

பெப்ரவரி 10, இரவு

கனடாவிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார்: 83 கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இரவு தங்கியதே இல்லை, விமானத்திலிருந்து நேரே வாகனம், நேரே யாழ்ப்பாணம். “நீங்கள் சுற்றுலா போகிற ஊரில் நாங்கள் ஒளிந்திருந்தோம்” என்கிறார். அவரோடு நான் வாதாட மாட்டேன்.

அம்மாவும் கிட்டத்தட்ட அந்தக் கட்சிதான். ஹொஸ்டல் என்று சொன்னதும் அவர் காதில் லொட்ஜ் என்று விழுந்தது. லொட்ஜ் என்றால் அம்மாவுக்கு 2007. அந்த ஜூன் 7ஆம் தேதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, வவுனியாப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். மறுநாளே நாட்டின் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. எங்கள் ஊரில் யார் வீட்டிலோ ஒருவர் அந்தப் பஸ்ஸில் இருந்திருக்கிறார், அம்மாவுக்கு அது போதும். “நீ ஏன் காசு குடுத்துப் போய் அங்க படுக்கிறாய்?” என்று இரவில் அழைத்துக் கேட்கிறார். கதவுக்குப் பூட்டு இருக்கிறதா, அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொன்னால்தான் போனை வைப்பார்.

திருச்சிக்காரருக்கு இது தேவையில்லாத கதையாக இருக்கலாம். ஆனால் வெள்ளவத்தையில் ஒரு கடைக்காரரோடு பேச்சுக் கொடுத்தால் இந்த ஆண்டுகள் எப்படியும் வரும். தெரிந்துகொண்டே வாருங்கள்.

பெப்ரவரி 11

தைப்பூசம். செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே புறக்கோட்டைக்குள் இறங்கினேன். இங்கே தெருவுக்குத் தெரு ஒரு சாமான். முதலாம் குறுக்குத் தெருவில் போனும் வயரும். நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, சீனி, உருளைக்கிழங்கு மொத்தமாக. கபோஸ் லேனில் மூலிகை. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் மூக்கு காட்டிக்கொடுக்கும். செட்டியார் தெரு பவுண். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், 1909இல் கட்டி முடித்தது. வரிசையாக மாதுளம்பழத்தை நட்டு வைத்த மாதிரிக் குவிமாடங்கள்.

நடுவில் நின்று படமெடுக்காதீர்கள். நாட்டாமிமார் (சுமை ஏற்றி இழுக்கிறவர்கள்) கைவண்டியில் ஆளுயரத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார்கள், அந்தப் பாரத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஒருவர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ள, ஒதுங்க வேண்டியது நாம்தான். ஒதுங்கின இடத்தில் ஒருவர் தமிழில் “பையை முன்னுக்குப் போடு பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார். மலைநாட்டுப் பேச்சு. பையை அதற்குப் பிறகு முன்னால்தான் போடுகிறேன்.

பசி என்றால் தேத்தண்ணிக் கடை. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், வடை, மாலுபாண் (மீன் பண்) கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம். எடுத்ததற்கு மட்டும்தான் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். (அதுதான் யோசிக்க வேண்டியது என்று சுகாதாரம் படித்த ஒருவர் கீழே எழுதுவார், எழுதட்டும்.) ரோல்ஸ் சுடச்சுட இருந்தால் எடுங்கள், ஆறியிருந்தால் வடை. சைவம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். பற்றிஸ் பார்க்க மரக்கறி மாதிரி இருக்கும், உள்ளே மீன்.

பெப்ரவரி 12, போயா

நவம் போயா, பௌர்ணமி விடுமுறை. சாராயக் கடை, இறைச்சிக் கடை பூட்டு, கந்தோர் பூட்டு. உங்கள் நாட்களில் ஒரு போயா விழுகிறதா என்று கலண்டரைப் பாருங்கள், மார்ச்சில் 13.

ஏமாற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலிமுகத்திடலில் நன்றாக உடுத்த ஒருவர் வந்து கதை கொடுப்பார். “இன்றைக்கு மட்டும் கோவிலில் யானை விழா, வாங்கோ காட்டுகிறேன்” என்பார். அவருக்குத் தெரிந்த ஓட்டோ வரும், கடைசியில் இரத்தினக்கல் கடையில் போய் நிற்கும். பழைய வித்தை, இன்னும் ஓடுகிறது. பகிடி என்னவென்றால், பெப்ரவரியில் கங்காராமையின் நவம் பெரஹரா ஊர்வலம் உண்மையிலேயே இருக்கிறது, உண்மையிலேயே யானை வருகிறது. ஆகவே இந்த மாதம் யாராவது யானை என்றால் நம்பலாம், ஓட்டோவில் மட்டும் ஏறாதீர்கள்.

மாமி கண்டுபிடித்துவிட்டார். அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். காலையில் கல்கிசை வாசலில் இடியப்பம், சொதி, சம்பலோடு நிற்கிறார். “உனக்கு வீடு இல்லையா மகள்? ஆர் பெத்த பிள்ளையோ மாதிரி மேல்மாடியில படுத்திருக்கிறாய்.” ஆன்ட்டியிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டு, அதை என்னிடம் திரும்பச் சொல்லித் திட்டினார். பிறகு கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு குரல் இறங்கியது.

பின்னேரம் காலிமுகத்திடலுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன், ஒரு பேச்சுக்கு. வந்துவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் வெள்ளவத்தையில் இருக்கிறார். கடைசியாக இந்தப் பக்கம் வந்தது இந்தியத் தூதரகத்தில் விசாவுக்கு நின்றபோதாம். திடலை அன்று வரிசையில் நின்றபடி பார்த்ததோடு சரி. இன்று மதில் கட்டில் உட்கார்ந்து, மாங்காய்க் கீலத்துக்கு மிளகாய்த்தூள் காணாது என்று வண்டிக்காரரோடு சண்டை பிடித்து, இன்னும் கொஞ்சம் போட வைத்தார். காகம் ஒன்று கீலத்தைக் கொத்திக்கொண்டு போனதும் அதற்கும் திட்டு. ஏழு மணிக்கு நான் எழும்பினேன். “இரு, என்ன அவசரம்” என்றார்.

இதை எழுதும்போது முதல் நாள் எழுதியதில் ஒன்றை மாற்ற வேண்டும் போல இருக்கிறது. எங்கள் ஆட்கள் சும்மா வருவதில்லை என்று மட்டும் சொன்னேன். இங்கேயே இருக்கிறவர்களும் சும்மா வெளிக்கிடுவதில்லை.

பெப்ரவரி 14

பையைக் கட்டிக்கொண்டே சில்லறைக் கேள்விகளுக்கு:

விமான நிலையம் கட்டுநாயக்கவில், நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல். 187 இலக்க பஸ் கோட்டைக்கு வரும். அதிவேகப் பாதையால் வருவதையே கேட்டு ஏறுங்கள். நடுச்சாமத்தில் இறங்கினால் பஸ்ஸோடு மல்லுக்கட்டாமல் செயலியில் கார் பிடியுங்கள்.

பஸ்ஸில் முன் ஆசனங்கள் மதகுருமாருக்கு. பெண்கள் தனியாக வந்தால் சாரதிக்குப் பின்னால் வரும் வரிசைகள் நல்லது, நெரிசலில் பையை இடுப்புக்கும் மற்ற ஆளுக்கும் நடுவில் வையுங்கள். யாராவது சேட்டை விட்டால் சத்தமாக, தமிழிலேயே கத்துங்கள். மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கும். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி எண் 1938, அம்புலன்ஸ் 1990, அதற்குக் காசு இல்லை.

தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் பூபாலசிங்கம், வெள்ளவத்தையிலும் இருக்கிறது, செட்டியார் தெருவிலும் இருக்கிறது. மழை நாளில் எங்கே ஒதுங்குவது என்று கேட்டவருக்கும் அதே பதில்.

கல்கிசையில் குளிக்கலாமா என்றால் மார்ச்சில் பெரும்பாலும் கடல் அமைதி. சிவப்புக் கொடி நின்றால் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், மே தொடக்கம் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். வெள்ளவத்தையில் கரையெல்லாம் கல், கால் நனைக்க மட்டும். செருப்பை மணலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், நாய் தூக்கும்.